விடுப்பு மறுக்கப்பட்ட மகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறாய், முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. "பேசாமல் வேலையை விட்டுவிடட்டுமா அப்பா?" என்றாய். முடிவு உன்னுடையது. எதுவானாலும் நான் உன் பக்கம்தான். ஆனால் நிர்வாகப் பிரிவில் விடுப்புக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், ராஜினாமா எழுதும் முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நீண்ட விடுப்பு விண்ணப்பங்களில் காரணம் என்ற கட்டம் நிரம்பி வழியும். விண்ணப்பித்தவர் இல்லாத நாட்களில் அவர் வேலையை யார் பார்ப்பது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கோ அது ஒன்றுதான் கவலை. 'பணி நலன் கருதி இயலாது' என்று எழுதித் திருப்பிவிடுவார். தேதியோ கால அளவோ கொஞ்சம் மாறியிருந்தால் அதே கோப்பில் பல சமயம் கையெழுத்து விழுந்திருக்கும். அதனால் முதலில் தடை எது என்று நேரில் கேள். ப்ராஜெக்ட்டா, ஆள் பற்றாக்குறையா, உனக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற பயமா?

ப்ராஜெக்ட் என்றால் அது முடிகிற மாதத்தைக் குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பி. ஆள் என்றால், உன் வேலைகளில் எதை யார் பார்க்கலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு. கால அளவுதான் சிக்கல் என்றால், சேர்ந்து கிடக்கும் விடுப்போடு சில வாரம் சம்பளமில்லா விடுப்பையும் கேட்டுப் பார். சில மாதங்களுக்கு வாரம் மூன்று நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்றும் கேட்கலாம். இதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மூன்று நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலை தலையில் விழும். எந்தெந்த வேலை உன்னிடமிருந்து போகிறது என்று எழுத்தில் வந்தால் ஒத்துக்கொள், இல்லாவிட்டால் வேண்டாம். மேலாளர் மாறினால் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

தூக்கமே வருவதில்லை என்றாயே, அதை இதோடு சேர்த்துக் குழப்பாதே. உடனே டாக்டரைப் பார். மருத்துவ விடுப்புக்கு விதிகள் தனி, மேலாளரின் மனநிலையை அது அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் தயங்காமல் எடு.

சரி, எதுவும் நடக்கவில்லை, விடத்தான் வேண்டும் என்றால்? எனக்குப் பிடித்த வழி இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஓய்வை வைத்துக்கொள்வது. புது இடத்து ஆஃபர் கையில் வந்த பிறகு, சம்மதம் சொல்லும் முன், சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேள். அப்போதுதான் உன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஆறு மாதம் கிடைக்காது, ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அடுத்த வேலை என்ன என்ற பதற்றம் இருக்காது.

அதுவும் வேண்டாம் என்றால் பணத்தை முதலில் பார். ஓய்வு மாதங்களுக்கான செலவோடு வேலை தேடும் மாதங்களுக்கும் சேர்த்து வை, அது நினைப்பதைவிட நீளும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்றால், தனியாக ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் கடிதம் கொடு. நோட்டீஸ் காலம், மீதி விடுப்புக்கான பணம், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு வை. நல்ல முகத்தோடு வெளியே வா, திரும்பக் கூப்பிடுகிற இடங்களும் உண்டு.

பயோடேட்டாவில் இடைவெளி விழுமே என்று ரொம்பக் கவலைப்படாதே. இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்களுக்கென்றே கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி 2008இல் ஒரு திட்டம் தொடங்கியது. வேலை தேடுகிறவர்கள் தங்கள் விவரம் போட்டு வைக்கும் லிங்க்ட்இன் தளமும் 2022இல் பணி இடைவெளியைக் குறிப்பிடத் தனிப் பகுதி கொடுத்துவிட்டது. எதற்காக எடுத்தாய் என்று இரண்டு வரியில் நேராகச் சொன்னால் போதும்.

தடை எது என்று கேட்டுவிட்டு எனக்குச் சொல். அந்த ஒரு பக்கத்தை எழுதினால் அனுப்பி வை, மேலாளர் கண்ணால் ஒரு முறை படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா