வாவிக்கரையில் ஒரு மறைவிடம்

அன்புள்ள மகள்,

மட்டக்களப்பு வாவிப் பறவைகளைப் பார்க்க மறைவிடம் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாய். முதலில் கரையைச் சரியாகத் தெரிவுசெய். உன்னுடைய படமெடுக்கும் வேலை காலையில் என்பதால் மேற்குப் பக்கத்துப் படுவான்கரை வேண்டாம். அங்கிருந்து வாவியைப் பார்த்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பறவை கறுப்பாகத்தான் தெரியும். கிழக்குப் பக்கத்து எழுவான்கரையில் இருந்தால் வெயில் முதுகுக்குப் போய்விடும். ஆனால் பின்பக்கம் மெல்லிய துணியென்றால் உன் உருவம் முன்துளையில் நிழலாடும். பின்பக்கத்துக்குச் சணல் சாக்கு மூன்று மடிப்பு, மற்றப் பக்கங்களுக்கு இரண்டு போதும்.

6 அடிக் கம்பு நாலு எடு. கண்டல் மரத்தில் வெட்டாதே. ஒன்றரை அடி புதைத்தால் நாலரை அடி மேலே நிற்கும். உள்ளே 4 அடிக்கு 4 அடி. சாக்குகளைப் பிரித்து 18 அடி நீளத்துக்குத் தைத்துக்கொள். சுற்றளவு போக மிஞ்சும் 2 அடி வாசலில் ஒன்றன்மேல் ஒன்று விழும். தறப்பாள் வேண்டாம், காற்றில் சடசடக்கும். சாக்கின் அடி விளிம்பைச் சாணுக்கு ஒரு முளை அடித்து இறுக்கிக் கட்டு. மறைவிடத்தைக் கண்டு பறவை மிரள்வது கொஞ்ச நாள்தான், படபடக்கிற துணிக்கு மட்டும் அது பழகாது.

முக்காலியில் இருந்து பார்த்து, கண்மட்டத்தில் 4 அங்குல உயரம், 1 அடி அகலத்தில் துளை வை. உட்பக்கம் கறுப்பு வலைத்துணி தொங்கட்டும். கைபேசி வெளிச்சம் முகத்தில் பட்டாலே வெளியே தெரியும்.

ஒரே நாளில் பக்கத்தில் கொண்டுபோய் நட்டுவிடாதே. பறவை மேயும் இடத்துக்கு 60 யார் தள்ளித் தொடங்கி, இரண்டு நாளுக்கொருமுறை 10 யார் நகர்த்து. ஆட்காட்டிக் குருவி கத்தினால் அன்றைக்கு அத்தோடு நில். ஒன்று கத்தினால் கரை முழுக்க எழும்பிவிடும். அது உன் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டை காலடியில் இருக்கிறது என்று அர்த்தம். வெறுந்தரையில் புள்ளிபோட்ட பரல்கல் மாதிரிக் கிடக்கும். வந்த வழியே, அடி பார்த்துத் திரும்பு. தாய் எழும்பிப்போன முட்டை வெயிலில் வெந்துவிடும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். உன் படத்தைவிட அந்த முட்டை பெரிது, மகள்.

விடியுமுன் உள்ளே போய்விடு. பிந்தினால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போ. இருவரும் உள்ளே போய் அவர் மட்டும் திரும்பி நடந்தால், ஆள் போய்விட்டதென்று பறவை அடங்கும்.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டினால் தண்ணீர் சட்டென்று இறங்கும், உள்ளான் பறவைகளெல்லாம் சேற்றோரமாக விலகிப் போகும். அதனால் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டு, கழற்றி நகர்த்தலாம்.

வழுவழுப்பாகச் சரிந்த சேற்றில் வயிறு இழுபட்ட தடம் இருந்தால் அது முதலை ஏறும் இடம், அங்கே கூடாது. யானை லத்தி கிடக்கிற தடத்திலும் கூடாது. வாழைப்பழம் கொண்டுபோகாதே. இருக்குமுன் ரோச் வெளிச்சம் அடித்துத் தரையையும் சாக்கு மடிப்பையும் பார், புடையன் பாம்பு சுருண்டு கிடக்கும்.

மறைவு பறவைக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் பற்றைக்குள் ஒரு கூடாரத்தைக் கண்டால் சனம் பயப்படும். கிராம உத்தியோகத்தருக்கும் அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லு. அனுமதிக் கடிதத்தின் பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டு வாசல் பக்கம் தைத்து வை.

கம்பும் சாக்கும் இங்கே எடுத்து வைக்கிறேன். வருகிற திகதியை எழுது.

அம்மா