இந்த வாரம் அம்மா கேட்ட படங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, இதெல்லாம் உனக்கும் மனப்பாடம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே சிரிப்பு. நீ கவலையோடு "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்கும்போது "நாகேஷ் காமெடி கேட்டுக்கிட்டு இருக்கா" என்று சொன்னால் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

டிவி பார்த்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர் சொன்னார். அம்மாதான் கேட்கவில்லை. "வெளிச்சம் கூசுது. நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதேன். நீ சத்தமா வையி, போதும்" என்றாள். முதலில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. படத்தைக் காதால் எப்படிப் பார்ப்பது? அப்புறம்தான் யோசித்தேன். அம்மா தலைமுறைக்கு இது புதுசே இல்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று படத்தைச் சத்தமாக மட்டும் போடுவார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ரேடியோவில் 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதை வசனம் ஓடும். பந்தலில் வாழைமரம் கட்டுகிறவர் முதல் அடுப்படியில் தேங்காய் திருவுகிறவர் வரை கூடவே வசனம் சொல்வார்கள். படத்தைப் பார்த்தது ஒரு தடவை என்றால் கேட்டது நூறு தடவை இருக்கும்.

ஆகவே முதலில் 'திருவிளையாடல்'. 1965ஆம் வருஷப் படம். தருமி வந்தவுடனே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாகேஷ் ஒரு வரி, அம்மா ஒரு வரி. சிவாஜிக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. நக்கீரராக வருகிறவர் படத்தை இயக்கிய ஏ.பி.நாகராஜனேதான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆனால் அவளுடைய இந்த வாரக் கதாநாயகன் சிவாஜியும் இல்லை, நாகேஷும் இல்லை. டி.எஸ்.பாலையா. பாண்டியன் அவைக்கு வந்து மல்லுக்கு நிற்கிற ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' பாட்டைப் பாடியது பாலமுரளி கிருஷ்ணா. கண்ணதாசன் அதில் ஒரு குறும்பு செய்திருக்கிறார். தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயரை வரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அந்தந்த வரி வரும்போது கே.வி.மகாதேவனின் மெட்டும் அந்தந்த ராகத்துக்குப் போய்விடுகிறது. திரையில் பார்க்கும்போது என் கண் பாலையாவின் தலையாட்டலிலும் மோதிர விரலிலும்தான் இருக்கும். இந்தத் தடவை அம்மா ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். நானும் திரையை விட்டுவிட்டு அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே பாகவதர் அன்றைக்கு ராத்திரியே திண்ணையில் விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு ஆடிப்போகிறார். டி.எம்.எஸ். குரலில் 'பாட்டும் நானே'. ராகம் கௌரிமனோகரி. கதைப்படி பாடுகிறவர் சிவபெருமான். ஆனால் அந்தப் பாட்டின் பெருமை நமக்கு உறைப்பது பாலையா அதைக் கேட்கிற தினுசில்தான். பாடத் தெரிந்த ஒரு ஆள், தன்னைவிடப் பெரிய பாட்டைக் கேட்டு, ஊரைவிட்டே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்கிறான். கர்வமாகப் பாடவும் அவர்தான், மிரண்டு கேட்கவும் அவர்தான். இரண்டையும் ஒரே படத்தில் ஒரே ஆள் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கேதான் அக்கா, எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. பாலையா பேசிச் சிரிக்க வைக்கிறதைவிடக் கேட்டுச் சிரிக்க வைக்கிறதுதான் அதிகம். மறுநாளே 'காதலிக்க நேரமில்லை' போட்டேன். 1964, ஸ்ரீதர் படம், எழுத்தில் கூடவே சித்ராலயா கோபு. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லுகிற காட்சி. கதவு கிறீச்சிடுவதையும் காற்று ஊளையிடுவதையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார். எதிரே பாலையா அதிகம் பேசுவதில்லை. கண்ணை உருட்டுகிறார், நாற்காலியில் ஒடுங்குகிறார், அவ்வளவுதான். அவர் பங்கு பெரும்பாலும் முகத்தில் இருக்கிறது. காதுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாகேஷின் சத்தம்தான்.

அம்மாவுக்கு இந்தக் காட்சி எடுபடாது என்றுதான் நினைத்தேன். செவுத்தைப் பார்த்துப் படுத்தபடி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாகேஷ் பேசும்போது இல்லை, பேச்சை நிறுத்துகிற இடத்தில். நான் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். பாலையா முகம் கோணுகிற அந்த நொடிக்குத்தான் சிரிக்கிறாள். "பாக்காம எப்படிம்மா?" என்று கேட்டேன். "இப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா, ஏட்டி?" என்றாள். பாலையா நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதில் அவளுக்கு ஒரு தனி உரிமை. டி.எஸ். என்பதில் முதல் எழுத்து திருநெல்வேலிதானே. சினிமாவில் அவர் அறிமுகமானது 1936இல், 'சதிலீலாவதி'யில். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்.

'காதலிக்க நேரமில்லை'யிலேயே முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷம் போட்டு வருவாரே, அங்கே பாலையா பவ்வியம் முற்றிப்போய் "அசோகர் உங்க மகருங்களா?" என்று கேட்பார் பார். பணத்தைக் கண்டதும் பையனுக்கும் 'ர்', மகனுக்கும் 'ர்'. இந்த வாரம் அம்மா என் பெரியவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். "மகரு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தாச்சா?"

'தில்லானா மோகனாம்பாள்' மட்டும் காதுக்குப் பாதிதான் தேறியது. நாதஸ்வரம் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை. சிவாஜிக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பி.சுசீலாவின் 'நலந்தானா' வந்தபோது அம்மா பேசவே இல்லை. ஆனால் பத்மினியின் காலையும் சிவாஜியின் கன்னத்தையும் கேட்க முடியாதே. சலங்கைச் சத்தம் மட்டும் வந்தால் ஆட்டம் ஆகிவிடாது. அந்தப் போட்டியைப் பார்க்காமல் விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வந்து சரிக்கட்டினாள். அந்தக் குழைவான கொச்சைக்குக் கண் வேண்டியதில்லை. தவில்காரராக அங்கேயும் பாலையா. முத்துராக்கு என்ற பெயரைக் கேட்டதுமே "வந்துட்டான்லா" என்று அம்மா சொன்னாள்.

சரி, பழசு மட்டும்தான் என்று நினைக்காதே. புதுசிலும் தேறியவை உண்டு. 'மெய்யழகன்' அதில் முதல். 2024இல் வந்த படம், பிரேம்குமார் இயக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிற அரவிந்த்சாமியை ஒரு உறவுக்காரப் பையன் ஒட்டிக்கொள்கிறான். அத்தான் அத்தான் என்று உருகுகிறான். அவன் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வெட்கம். ராத்திரி முழுக்கப் பேச்சு. நீளமாக இருக்கிறது என்று வெளியான பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட வெட்டவிட்டிருக்க மாட்டாள். கார்த்தி கொட்டிக்கொண்டே இருக்க, அரவிந்த்சாமி 'ம்' கொட்டிக் கேட்கிறார் இல்லையா, பாலையாவின் வேலையைத்தான் அவர் வேறு சுருதியில் செய்கிறார் என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. "சொந்தக்காரன் பேரே மறந்துபோச்சுன்னா எவ்வளவு சங்கடம். உங்க அப்பாவும் இப்படித்தான்" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தினத்தந்தியை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

'லப்பர் பந்து'வும் கேட்டோம். கிரிக்கெட் என்றால் அம்மாவுக்கு என்னவென்றே தெரியாது. ஆனால் கெத்து தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஓடுகிறதே, அது விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு, 1989, இளையராஜா. "யாரு வாரான்னு பாட்டே சொல்லிருதுல்லா, பொறவு என்னத்துக்குக் கண்ணு?" என்றாள். விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகாத சமயத்தில் அந்தப் படம் வந்தது. தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு எழுந்த விசில் தினேஷுக்கு மட்டும் இல்லை.

தேறாதவற்றையும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய சண்டைப் படங்கள் ஒன்றுகூடக் கால்மணி நேரம் தாண்டவில்லை. கதாநாயகன் நடந்தாலும் இடி, திரும்பினாலும் இடி. "நாற்காலிய நவுத்தினாக்கூடவா ஊரைக் கூட்டுவானுவ? அமத்து" என்றாள். படத்தின் பெயரைச் சொல்லி ரசிகர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் வசனம் இருந்ததா என்று எனக்குமே தெரியவில்லை.

சீரியல் தேறியது. 'மெட்டி ஒலி'யை யூடியூபில் தேடிப் போட்டேன். நித்யஸ்ரீ குரலில் 'அம்மி அம்மி' தொடங்கியதும் அம்மா மூக்கை உறிஞ்ச, கண்ணுக்குக் கெடுதல் என்று நான் பதற, ஒரே அமளி. 2002லிருந்து 2005 வரை அதை நாம் பார்த்தோம் என்றா சொல்கிறாய்? நீயும் நானும் பார்த்தோம். அம்மா அப்போதும் அடுப்படியிலிருந்து கேட்டாள். சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது தோசையைத் திருப்பிப் போட்டபடியே அவளுக்குத் தெரியும். சீரியல்காரர்கள் ஒரே விஷயத்தை மூன்று பேர் வாயால் மூன்று தடவை சொல்ல வைப்பதை நாம் கிண்டல் செய்வோமே, அது குக்கர் விசிலுக்கு நடுவில் கேட்கிறவர்களுக்காக என்று இப்போதுதான் புரிகிறது.

கடைசியாக வடிவேலு. இதில்தான் வீட்டில் ஒரு தகராறு. பெரியவனுக்கு வடிவேலு என்றால் படம், அதாவது மீம். வாட்ஸ்அப்பில் வருகிற அந்த முகங்கள் எந்தப் படத்தில் வந்தவை என்றுகூட அவனுக்குத் தெரியாது. குரலே இல்லாத வடிவேலு. அம்மாவுக்கோ இந்த வாரம் முகமே இல்லாத வடிவேலு. 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுகிற காட்சியை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டேன். 2001 படம். 2019 மே மாதம் முகநூலில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது பட்டுத்தான் நேசமணி தலை உடைந்தது என்றும் எழுத, நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டதே, நினைவிருக்கிறதா? விஷயம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று விசாரித்தார்கள்.

சுத்தியல் விழுந்ததும் பெரியவன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. விழுந்த பிறகு ஒரு முனகல் வருமே, அதற்காகக் காத்திருந்து சிரித்தாள். "நீ முந்திட்ட" என்று அவனிடம் சொன்னாள். யார் சிரித்தது சரி என்று பாட்டிக்கும் பேரனுக்கும் இன்னும் தீரவில்லை. நான் அம்மா கட்சி. அத்தானிடமும் கேட்டுச் சொல்.

அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் எப்போது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. தேதி தெரிந்ததும் சொல்கிறேன், அந்த வாரம் நீ வந்தாக வேண்டும். அம்மா இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். வரும்போது, உன் கல்யாணச் சாமானோடு போன அந்தத் 'திருவிளையாடல்' கதை வசனக் கேசட்டைத் தேடி எடுத்து வா. போட்டுக் கேட்க இங்கே டேப் ரெக்கார்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது இருக்கட்டும், என் கேசட்டு எனக்கு வேணும்" என்கிறாள்.

உன் தங்கை
பாளையங்கோட்டை