சியரைத் தேய்க்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வேட்டை ரைபிள் பராமரிப்பு பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. குழல் சுத்தம் பண்றது, ஸ்கோப் மாட்டுறது எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா கடைசிக்கு முந்தின பத்தியில ட்ரிக்கர் கனமா இருந்தா சியரை, அதாவது ட்ரிக்கருக்குள்ள இருக்கற சின்ன பிடிப்புப் பாகத்த, நைஸ் கல்லுல கொஞ்சம் தேய்ச்சா போதும், லேசாயிடும்னு ஒரு வரி வந்திருக்கு. அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா அதே வேலைய என் ரைபிள்ல செஞ்சு ஒரு உயிர் போகப் பார்த்துச்சு.

என் சித்தப்பா கிட்ட இருந்து எனக்கு வந்த போல்ட் ஆக்சன் ரைபிள் அது, ஒவ்வொரு தடவையும் போல்ட்ங்கற கைப்பிடித் தண்ட கையால இழுத்துத் தள்ளி தோட்டா ஏத்தணும். ட்ரிக்கர் ரொம்ப மோசம். இழுத்தா வரவே வராது, அப்புறம் கரகரன்னு ரெண்டு மூணு தடவ நின்னு நின்னு நகரும், எப்ப வெடிக்கும்னே தெரியாது. ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட குடுத்தேன், ரெண்டு நாள்ல தேய்ச்சுக் குடுத்துட்டாரு, விரல் பட்டா போதும் காய்ஞ்ச சுள்ளி ஒடியற மாதிரி விழுந்துச்சு, எனக்கும் சந்தோஷம்தான். ஒரு சீசன் நல்லா ஓடுச்சு. அடுத்த சீசன் ஒரு குளிர் காலையில தோட்டாவ ஏத்தி போல்ட்ட முன்னாடி தள்ளி கீழ மடக்குறேன், டமார்னு வெடிச்சிடுச்சு, என் விரல் ட்ரிக்கர் பக்கமே போகல. குழல் முனை எதிர்ல இருந்த மண் மேட்டப் பார்த்து இருந்ததால குண்டு மண்ணுல போச்சு, என் இடது பக்கம் நாலு அடியில என் மச்சான் நின்னுட்டு இருந்தாரு, நான் அந்த நேரம் கொஞ்சம் திரும்பியிருந்தா இந்த லெட்டரே வேற மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் அத கழட்டி பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தோம். சியர்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, தோட்டாவோட பின்பக்கத்துல அடிச்சு வெடிக்க வைக்கற ஊசி இருக்கே, அந்த ஸ்ட்ரைக்கர் பின்னாடி இழுபட்டு நிக்கும்போது அத முன்னாடி பாய விடாம பிடிச்சு வச்சிருக்கற ஒரு சின்ன இரும்புப் படி, அந்தப் படியோட விளிம்பு கத்தி மாதிரி நேரா இருக்கணும். எங்களுதுல விளிம்பு மழுங்கி உருண்டு போயிருந்துச்சு, நடுவுல ஒரு இடம் மட்டும் பளபளன்னு வேற நிறத்துல தெரிஞ்சுச்சு. காரணம் இதுதான், பழைய ட்ரிக்கர்கள்ல பல பாகங்கள மேல்தோல் மட்டும் கெட்டியாகற மாதிரி சூடேத்தி செஞ்சிருப்பாங்க, அந்தக் கெட்டித் தோல் மில்லிமீட்டர்ல ஒரு பங்குதான் இருக்கும், கல்லுல தேய்ச்சா அது போய் உள்ள இருக்கற மெத்து இரும்பு வெளிய வந்துடும், அப்புறம் ஒவ்வொரு தடவ சுடும்போதும் தானாவே தேய்ஞ்சுகிட்டே போகும். கூடவே கோணமும் மாறிடும், கோணம் கொஞ்சம் சாய்ஞ்சா சியர் வழுக்கிக்கிட்டு விழப் பார்க்கும். தேய்ச்ச அன்னிக்கு எல்லாம் அருமையா இருக்கும், ஆபத்து ஒரு வருஷம் கழிச்சு வரும், அதனாலதான் இந்த யோசனைய நிறைய பேர் நம்பிடறாங்க.

கட்டுரை எழுதினவரோட கவலை நியாயமானதுதான், அதையும் சொல்லிடறேன். கெட்ட ட்ரிக்கர் வேட்டையில பெரிய பாவம். ரைபிள் மூணரை கிலோ இருக்கும், ட்ரிக்கரை மூணு கிலோ பலத்துல இழுக்கணும்னா கையே நடுங்கும், குழல் முனை ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சாலே 100 மீட்டர்ல கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், 200 மீட்டர்ல 20. நெஞ்சுல பட வேண்டியது வயித்துல பட்டா அந்த மிருகம் காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து சாகும். அதனால ட்ரிக்கரை சரி பண்ணியே ஆகணும், ஆனா எல்லாரும் எடையப் பத்தியே பேசுறாங்க, என் அனுபவத்துல எடைய விட அந்தக் கரகரப்புதான் கெடுதல். ஒன்றரை கிலோ இழுவை இருந்தாலும் நகராம நின்னு ஒரேயடியா விழுந்தா நல்லா சுடலாம், ஒரு கிலோதான்னாலும் அரைஞ்சுகிட்டு நகர்ந்தா குறி நிக்காது. வேட்டைக்கு 1.2-ல இருந்து 1.6 கிலோ வரை, அதாவது ரெண்டரை மூணரை பவுண்டு, எனக்கு சரியாப் படுது. அதுக்குக் கீழ மேஜையில வச்சு சுடறவங்களுக்கு வச்சுக்கலாம், குளிர்ல விரல் மரத்துப் போய் கையுறையோட நிக்கறவனுக்கு அது வேண்டாம்.

முதல்ல செய்ய வேண்டியது அளக்கறது. கொக்கி வச்ச ஸ்ப்ரிங் தராசு ஒண்ணு போதும், துப்பாக்கி காலியா இருக்கான்னு தோட்டா உக்கார்ற சேம்பருக்குள்ள கண்ணால பார்த்து விரலாலயும் தொட்டுப் பார்த்துட்டு, ட்ரிக்கர் நடுவுல கொக்கிய மாட்டி பத்து தடவ இழுத்து எழுதி வைங்க. பத்தும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தா ட்ரிக்கர் கனம் அவ்வளவுதான், ஒரு தடவ ஒன்றரை ஒரு தடவ ரெண்டரைன்னு வந்தா உள்ள அழுக்கு இருக்கு இல்லன்னா எங்கயோ உரசுது. துப்பாக்கியோட மரக்கட்டை ஈரத்துல ஊதி ட்ரிக்கர் பக்கவாட்டுல மரத்த உரசிட்டு இருக்கறத நான் ரெண்டு துப்பாக்கியில பார்த்திருக்கேன், ட்ரிக்கர் மேல பழி போட்டு மாத்தியே இருப்பாங்க. பழைய எண்ணெய் கோந்து மாதிரி கட்டிப் போயிருக்கறது இன்னும் சகஜம், குளிர்ல அது இறுகிட்டா சியர் முழுசா மேல வராம பாதியில நிக்கும், அது ரொம்ப ஆபத்து. கட்டையக் கழட்டி லைட்டர் பெட்ரோல் ஊத்திக் கழுவி காய விடுங்க, மேல கெட்டி எண்ணெய் விடாதீங்க, பாதி பேருக்கு பிரச்சனை இங்கயே தீர்ந்துடும்.

அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூ பத்தி ஒரு வார்த்தை. பல ரைபிள்ல மூணு ஸ்க்ரூ இருக்கும், ஒண்ணு ஸ்ப்ரிங் எடைக்கு, ஒண்ணு விழுந்தப்புறம் ட்ரிக்கர் பின்னாடி ஓடற தூரத்துக்கு, ஒண்ணு சியர் எவ்வளவு ஆழமா பிடிக்கணும்ங்கறதுக்கு. எடை ஸ்க்ரூவ கம்பெனி கையேட்டுல சொன்ன அளவுக்குள்ள திருப்பலாம். மூணாவத தொடாதீங்க. ஸ்க்ரூ அசையாம இருக்க பசை வைக்கும்போதும் ஒரு துளிக்கு மேல வேண்டாம், 2014 ஏப்ரல்ல ரெமிங்டன் கம்பெனி மாடல் 700, மாடல் செவன் ரைபிள்கள சரி பண்ண திரும்ப வரவழைச்சதுக்கு அவங்க சொன்ன காரணமே எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர்ல ஒட்டுற பசை அதிகமாகி தானா வெடிக்க வாய்ப்பு இருக்குன்னுதான், 2006 மே-ல இருந்து செஞ்ச துப்பாக்கிகள். ஃபேக்டரியிலயே இப்படி ஆகும்னா வீட்டு மேஜையில நம்ம கதி என்ன.

கழுவியும் சரியாகலன்னா முழு ட்ரிக்கரையே மாத்திடுங்க, நான் கடைசியில செஞ்சதும் அதுதான். டிம்னி கம்பெனி 1946-ல இருந்து இதே வேலையா செய்யறாங்க, ட்ரிகர்டெக் கம்பெனில ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவுல ஒரு உருளை வச்சு உரசல் ரொம்பக் குறையற மாதிரி பண்ணியிருக்காங்க. வாங்கும்போது சரியான மாடலுக்கு உள்ளதுதானா, வலது கையா இடது கையா, சுடாம பூட்டி வைக்கற சேஃப்டியும் போல்ட்ட வெளிய எடுக்க விடற போல்ட் ரிலீசும் கூட வருதான்னு கேட்டு வாங்கணும். பெரும்பாலும் ரெண்டு பின்னைத் தட்டி எடுத்தா பழசு வந்துடும், அப்ப சின்ன ஸ்ப்ரிங்கும் இரும்பு உருண்டையும் தெறிச்சு எங்கயாவது போயிடும், கீழ ஒரு வெள்ளைத் துணிய விரிச்சு வைங்க. புது சேஃப்டி லீவருக்கு கட்டையில கொஞ்சம் இடம் செதுக்க வேண்டி வரலாம், லீவர் மரத்துல இடிச்சு பாதியில நின்னா சேஃப்டி போட்டாச்சுன்னு நம்பிட்டு நடப்போம், ஆனா அது போட்டிருக்காது.

மௌசர் 98-ங்கற பழைய ஜெர்மன் ராணுவ ரைபிள் வச்சிருக்கறவங்க ட்ரிக்கரை மாத்த அவசரப்படாதீங்க. அதோட ராணுவ ட்ரிக்கர் ரெண்டு கட்டமா வரும், முதல்ல லேசா நீளமா வந்து ஒரு சுவர்ல முட்டி நிக்கும், அப்புறம் விழும், பழகிட்டா அது நல்ல ட்ரிக்கர். இன்னொரு விஷயம், அதோட பின்னாடி இருக்கற பழைய சேஃப்டி ஸ்ட்ரைக்கரையே நேரா பிடிச்சு நிறுத்தும், வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள்லயும் அப்படித்தான். ஸ்கோப் இடிக்குதுன்னு அத எடுத்துட்டு பக்கவாட்டு சேஃப்டியோட வர்ற ட்ரிக்கரை மாட்டினா அதுல பெரும்பாலும் ட்ரிக்கரை மட்டும்தான் தடுக்கும், சியர் நழுவினா தடுக்காது. தெரிஞ்சு மாத்துங்க.

எத மாத்தினாலும், ஒரு ஸ்க்ரூவ கால் சுத்து திருப்பினாலும், காலி துப்பாக்கியில சோதிக்காம தோட்டா போடாதீங்க. போல்ட்ட இருபது தடவ வேகமா அடிச்சு மூடிப் பாருங்க. காக் பண்ணி, அதாவது ஸ்ட்ரைக்கர் பின்னாடி இழுபட்டு நிக்கற மாதிரி வச்சு, அடிக்கட்டைய ரப்பர் விரிப்பு மேல ஒரு சாண் உயரத்துல இருந்து தட்டிப் பாருங்க. சேஃப்டி போட்டு ட்ரிக்கரை பலமா இழுத்து விட்டுட்டு அப்புறம் விரலை எடுத்துட்டு சேஃப்டிய எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு தடவ ஸ்ட்ரைக்கர் விழுந்தாலும் அந்த ட்ரிக்கர் காட்டுக்குப் போகக் கூடாது. என் தேய்ச்ச ட்ரிக்கரை அப்புறம் இப்படி சோதிச்சப்ப ஏழாவது அடியில விழுந்துச்சு. ரிப்பேர்ல இருந்து திரும்ப வாங்கின அன்னிக்கே அஞ்சு நிமிஷம் இந்த சோதனைய செஞ்சிருந்தா அந்த காலை நடந்தே இருக்காது, அது என் தப்பு, ரிப்பேர் பண்ணவர் மேல மட்டும் போட மாட்டேன்.

அந்தக் கட்டுரைய வெட்டி பத்திரப்படுத்தி வச்சிருக்கறவங்க இருப்பாங்க. அடுத்த ஞாயிறு இணைப்புல அதே பக்கத்துலயே, சியரைத் தேய்க்கச் சொன்ன வரி தப்புன்னு பெரிய எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. என் லெட்டரை சுருக்கினாலும் பரவால்ல, கடைசி சோதனைகள மட்டும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்