அம்மா, பயப்பட வேண்டாம்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆடி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீ, அப்பா, தம்பி எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் நான் வாயைத் திறந்தாலே நீ அழ ஆரம்பிக்கிறாய், பாதியைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

வயிற்றுப் பிள்ளையோடு முதுகை நெட்டி முறிக்கிறவனிடம் போகிறேன் என்று அத்தை மகன் சொன்னானாமே. போகிறேன் என்பது உண்மைதான், அம்மா. ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை.

ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் இடுப்புக்குப் பின்னால் வலது பக்கம் வலி பிடித்தது. படுக்கையில் புரள முடியவில்லை, ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. கிளினிக்கில் சிஸ்டரிடம்தான் முதலில் காட்டினேன். கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் கட்டு தளரும், வயிறு முன்னே தள்ளுவதால் நடையும் மாறும், நிறையப் பேருக்கு இந்த வலி வரும் என்றார். ரத்தம் படுகிறதா, நீர் கசிகிறதா, காய்ச்சல் உண்டா, வலி விட்டு விட்டு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் எது வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு வா, முதுகு பார்க்கிறவரிடம் போய் நிற்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கைரோபிராக்டரை, அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி வைத்தியம் பார்க்கிறவரைத் தேடினேன்.

இந்த நாட்டில் இது புத்தூர் கட்டு மாதிரிப் பரம்பரைத் தொழில் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதுகலை வரை படித்து, 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். நாடு முழுக்க இந்தப் படிப்பு இரண்டு இடங்களில்தான் இருக்கிறது, ஒன்று ஜோகன்னஸ்பர்க், மற்றொன்று நம் டர்பன்.

முதலில் போன இடத்தில் என் வலியைக் கேட்பதற்கு முன்பே எக்ஸ்ரே என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாதாரண இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எதற்கு? அப்புறம், பிரசவம் வரை வாராவாரம் வர வேண்டும், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் சலுகை, குழந்தை கால் கீழாக இருந்தாலும் நாங்களே திருப்பிவிடுவோம், ஆபரேஷனே தேவைப்படாது என்றெல்லாம் பேசினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பிள்ளையின் பேரைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் கேட்பவரிடம் என் முதுகைக் கொடுக்க மாட்டேன்.

இப்போது போவது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கைரோபிராக்டிக் கிளினிக். கடைசி வருஷ மாணவி பார்க்கிறாள், ஆசிரியர் வந்து சரிபார்க்கிறார். கட்டணம் குறைவு, ஆனால் அதற்காகப் போகவில்லை. முதல் நாள் வெகு நேரம் கேள்விதான் கேட்டாள். கர்ப்பிணிகளைப் பார்த்த அனுபவம் உண்டா, கழுத்தைத் திருகுவீர்களா, குணமாகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நானும் கேட்டேன். ஆசிரியர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்: கழுத்துக்கு இங்கே வேலையே இல்லை, நாலைந்து முறையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம், சிலருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தை திரும்புவதைப் பற்றிக் கேட்டேன். இந்த வைத்தியத்தால் திரும்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, தேவைப்பட்டால் மாதம் நெருங்கும்போது மகப்பேறு மருத்துவர் ஆஸ்பத்திரியில் வைத்து வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பார் என்றார். தன்னால் முடியாததை முகத்துக்கு நேரே சொன்ன அந்த மனிதர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

குப்புறப் படுக்க வைப்பதில்லை, அம்மா. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையணை முட்டுக்கொடுத்து, மெதுவாக அழுத்துகிறார்கள். ஒரு தடவை சொடக்கு மாதிரிச் சத்தம் கேட்டது. மூட்டு நீரில் இருக்கும் காற்று, எலும்பு இல்லை என்றாள். அதைவிட எனக்கு உதவியது அவர்கள் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியும், முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு புரண்டு எழும் பழக்கமும்தான். இப்போது இரவில் தூக்கம் வருகிறது.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். ஆயாவுக்குத் தமிழ் பேச வராது, மாரியம்மன் பாட்டு மட்டும் முழுதாக வரும். தினமும் காலையில் மதிலோரம் நின்று என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்ப்பார், நடையை வைத்துப் பிள்ளை ஆணா பெண்ணா என்பார், மறுநாள் மாற்றிச் சொல்வார். ஆடி என்றால் இங்கே குளிர்காலம். கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஆயா எனக்கு ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார். சந்தையில் சேப்பங்கிழங்கு நன்றாகக் கிடைக்கிறது. புளிக்குழம்பு வைத்தேன், உன் கைப்பக்குவம் வரவில்லை. நீ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது முதுகில் உன் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி நினைத்துக்கொண்டே கிடந்தேன். தலைப்பிரசவம் உன் வீட்டில்தான் நடக்க வேண்டும், அம்மா. அது நடக்கவில்லையே என்று

சரி, அதை விடு. மாப்பிள்ளைக்கு இப்போது வேலை கொஞ்சம் குறைவு, அதனால் அதிக நேரம் வீட்டிலேயே இருக்கிறார், எனக்கும் துணை. இந்த மாதப் பணம் சற்றுத் தள்ளிப்போகும், பாங்கில் ஏதோ தாள் கேட்கிறார்கள். வளைகாப்புக்கென்று பவுன் எதுவும் எடுக்காதே. கண்ணாடி வளையல் போதும், ஆயா வாங்கி வைத்திருக்கிறார்.

மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்ததா? அப்பாவின் கண் ஆபரேஷனை அறுவடை வரை தள்ளாதீர்கள். சித்தப்பா தென்னந்தோப்பைப் பிரிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே. பெரியப்பாவை வைத்துக்கொண்டு அளக்கச் சொல். அளந்து முடியும்வரை அப்பா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பட்டா நகல் ஒன்றைத் தம்பியை எடுத்து வைக்கச் சொல். அவனுக்குப் பார்த்த திருவாரூர்ப் பெண் என்ன ஆயிற்று? உடனே பதில் எழுது.

உன் அன்பு மகள்