அண்ணிக்கு, மைக் வாங்கிவிட்டேன்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை பணம் கட்டிவிட்டேன். ஆடியோ டெக்னிகா ஏடி4040. வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த முடிவு இது என்பதும், ஏன் தள்ளிப்போட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. அதைச் சொல்ல இரண்டு முறை தாம்பரத்துக்கு வந்தேன். இரண்டு முறையும் சொல்லாமலே திரும்பினேன்.

எல்லோரும் படிக்கும் இடத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். அன்று நான் சொன்ன சொல் கூடத்தில் படுத்திருந்தவர்கள் காதிலும் விழுந்தது. அதன் பிறகு வந்த நவராத்திரியில், பாடச் சொன்னவர்களிடமெல்லாம் "என் குரல் மைக்குக்கு ஆகாதாம்" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நாலு பேர் அறியச் சொன்னதை நாலு பேர் அறியத்தான் திருத்த வேண்டும். அண்ணன் இதைப் படிப்பார். அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். ஆகையால் முதல் மைக்குக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும், அதைப் பற்றி அடுக்களையில் நடந்த பேச்சையும் இங்கே எழுதப்போவதில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

2019 நவம்பர் மாதத்து அந்த இரவை நான் மறக்க முயன்றதில்லை. மேற்கு மாம்பலத்துப் பின்னறையில், கடைசி மின்ரயிலும் போய், தெருநாய்கள் அடங்கும் வரை காத்திருந்து, சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினோம். உங்கள் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாவை இரண்டு மடிப்பாக இழுத்துப் பொருத்தி, அதை மைக்குக்கு முன்னால் கட்டியது நீங்கள்தான். "பகரம் வரும்போது மூச்சு முட்டாது பார் தம்பி" என்றீர்கள். நெற்றியிலிருந்து வியர்வை இமையில் இறங்கியும் துடைக்காமல் பாடினீர்கள், புடவை உரசும் ஓசைகூட விழுந்துவிடும் என்று நான் எச்சரித்திருந்ததால். சரணத்தில் ஒரே வரியை மெருகேற்றித் திரும்பப் பாடும்போது, தார ஸ்தாயிக்குப் போன இரண்டாவது சங்கதியின் நடுவில் நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "அண்ணி, மேலே போகும்போது குரல் கிழிகிறது. ஸகரம் வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது" என்றேன். நீங்கள், "மைக்கில் ஏதாவது இருக்குமோ?" என்று கேட்டீர்கள். அதற்கு நான், "மைக் பொய் சொல்லாது" என்றேன்.

நீங்கள் ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை நிதானமாகச் சுருட்டி, நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டீர்கள். ரெகுலேட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பிய ஓசை அந்த ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் நான் பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.

போன மாதம் பரணில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து, அந்தக் கோப்பை முதலிலிருந்து கேட்டேன். நீங்கள் பாடத் தொடங்குவதற்கு முன்னால் 11 வினாடிகள் வெற்று அறை பதிவாகியிருக்கிறது. அந்த 11 வினாடிகளிலும் அதே கிழிசல் இருக்கிறது, அண்ணி. எண்ணெய்ச் சட்டியில் நீர்த்துளி தெறிப்பது போன்ற மெல்லிய பொரிச்சல், விட்டுவிட்டு. அப்போது நீங்கள் வாயைத் திறந்திருக்கவே இல்லை.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். ரிச்சி தெருவில் புது எக்ஸ்எல்ஆர் கேபிள் வாங்கி மாற்றியும் பொரிச்சல் போகவில்லை. பிறகு பழைய மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு நாள் மூடிவைத்து எடுத்துப் போட்டேன். சுத்தமாகப் போய்விட்டது. அந்தப் பழைய மைக் போன்ற கண்டென்சர் மைக்குக்குள் பொன் பூசிய, சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு சவ்வும், அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. குரல் சவ்வை அசைக்கும்போது இடைவெளி மாறுவதுதான் ஒலியாகிறது. அந்த மின்னூட்டம் கசியாமல் நிற்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஈரம் படிந்தால் அது சிறுகச் சிறுகக் கசியும். கசிவு ஒவ்வொன்றும் ஒரு பொரிச்சலாகக் கேட்கும். அந்த ஆண்டு தீபாவளியிலிருந்து மூன்று வாரம், வடகிழக்குப் பருவமழையில், கடற்காற்று வீசும் இந்த ஊரில், மைக்கை ஸ்டாண்டிலேயே உறைகூடப் போடாமல் விட்டு வைத்திருந்தவன் நான். வாங்கிய பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசையின் பலனைத்தான் உங்கள் குரலின் குறை என்று சொன்னேன்.

ஸகரம் குத்தியதும் உங்களால் அல்ல. உங்கள் சுருதி ஐந்து கட்டை. மத்திய ஸட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 196 அதிர்வு. தார பஞ்சமத்தையே தொட்டாலும் அந்த ஸ்வரம் 600 ஹெர்ட்ஸுக்குள்தான் நிற்கும். ஸகரத்தின் சீற்றமோ 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே நடக்கிற காரியம். அந்த மைக்கின் பெட்டியில், எந்த அதிர்வெண்ணை அது எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற வரைபடத் தாள் ஒன்று இருந்தது; அதன் கோடு சரியாக 5000-இல் எழத் தொடங்கி 10000-க்கு அருகில் குன்றுபோல் உயர்ந்து நின்றது. கடையில் கேட்டபோது நம் இருவருக்கும் பளிச்சென்று இனித்ததே, அந்தப் பளிச்சு இந்தக் குன்றுதான். போதாததற்கு வாய்க்கு நேராக நாலு விரற்கடைத் தொலைவில் உங்களை நிறுத்தினேன். துப்பட்டா பகரத்தின் காற்றைத் தடுத்தது. ஸகரத்தை அப்படிப்பட்ட மெல்லிய துணியால் தடுக்க முடியாது. மைக்கை மூக்கின் உயரத்துக்கு ஏற்றி, சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் பாதி குறைந்திருக்கும். எனக்கு அது தெரியவில்லை. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஆனால் நானும் ஒன்று கேட்க வேண்டும். கடையில் என் பக்கத்தில் அமர்ந்து, "இதையே எடு, என் குரல் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை" என்றவர் நீங்கள்தானே? அந்த மைக் என் பிடிவாதம் என்று பிறகு எல்லோரும் பேசியபோது நீங்கள் ஏன் மறுத்துச் சொல்லவில்லை? மூன்று முறை நான் "இன்னொரு நாள் பார்ப்போம் அண்ணி" என்று கேட்டேன். மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றீர்கள். ஒரே ஒரு தடவை நீங்கள் மறுபடியும் பாடியிருந்தால், அந்தப் பொரிச்சலை அந்த வாரமே நான் கண்டுபிடித்திருப்பேன். வீடு மாற்றும் செய்தியைக்கூட அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். இருபத்திரண்டு வயதுப் பையனின் ஒரு வார்த்தைக்கு ஆறு ஆண்டு மௌனம் அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இதை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

பின்னறையை ஸ்டூடியோ ஆக்கலாம் என்று முதலில் நம்பியது நீங்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில்தான் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார் என்று அண்ணனிடம் எனக்காக வாதாடியவர் நீங்கள். அண்ணன் எதுவும் பேசாமல் தம் பீரோவை அந்த அறையிலிருந்து வெளியே நகர்த்திக் கொடுத்தார். (அண்ணா, அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை.)

இப்போது இந்த மைக்கை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். காரணம் கேட்காமல் நீங்கள் எதையும் ஏற்கமாட்டீர்கள்.

சாலிகிராமத்தில் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் ஐந்து கட்டையில் பாடுகிற ஒருவரை, ஒரே பல்லவியை ஐந்து மைக்குகளில் பாட வைத்துக் கேட்டேன். பலர், காந்தச் சுருளால் ஒலி பிடிக்கும் டைனமிக் மைக்கையே வாங்கச் சொன்னார்கள். சத்தமான ஊர், சத்தமான வீடு. ஷூர் எஸ்எம்7பி வாங்கினால் தெரு கேட்காது என்றார்கள். அது நல்ல மைக்தான். ஆனால் அது தெருவை ஒதுக்குவதற்குப் பெரும் காரணம் உதடு அதை ஒட்டியே இருப்பது. கண்டென்சர் அளவுக்கு அதையும் தள்ளி வைத்தால் அறை அதிலும் அதே விகிதத்தில் விழும். 60 டெசிபல் அளவுக்கு ஒலியைப் பெருக்கவும் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் இன்டர்ஃபேஸ் அந்த உயரத்தில் இரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் சங்கதி போடும்போது தலையை அசைப்பீர்கள். மிக நெருங்கிப் பாடினால் கீழ்ஒலி தடித்துப்போகும், விலகினால் மெலியும். மைக்கை ஒட்டிய நிலையில் ஒவ்வொரு அசைவுக்கும் குரலின் நிறமே மாறும். உங்களைத் தலையசைக்காமல் பாடச் சொல்ல நான் யார்?

அதனால் கண்டென்சர்தான் என்று முடிவானது. அடுத்தது இரைச்சல் கணக்கு. மைக் தன்னுள் எழுப்பும் இரைச்சலுக்கு ஓர் எண் சொல்வார்கள். ரோட் என்டி1-இன் ஐந்தாம் தலைமுறைக்கு அது 4 டெசிபல், ஏடி4040-க்கு 12. பழைய மைக்கை வாங்கும்போது அந்த எண்ணைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது விளங்குகிறது: நள்ளிரவில் நம் பின்னறையின் சொந்த இரைச்சலே 12 டெசிபலைவிட எவ்வளவோ அதிகம், எதிர்வீட்டு ஏசி ஓடினால் கேட்கவே வேண்டாம். 1967 முதல் பெரிய ஸ்டூடியோக்களில் பாடகர்கள் முன்னால் நிற்கும் நியூமன் யு 87-இன் இன்றைய வடிவத்துக்கும் 12 தான். எனக்கு வேண்டியது குன்றில்லாத ஒரு கோடு. சாலிகிராமத்தில் கேட்ட ஐந்தில், "ஸா" என்று நீட்டும்போது ஸகரம் தனியே தெறிக்காமல் ஆகாரத்தோடு ஒட்டி வந்தது இதில்தான். பளிச்சு குறைவு. முதல் தடவை கேட்டபோது சற்று மங்கல் என்றுகூடப் பட்டது. மூன்றாம் தடவை, அந்தப் பாடகரின் மூச்சு எங்கே முடிந்து ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பது காதில் விழுந்ததும் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஒரு விசையும் இருக்கிறது. லாரி அதிர்வு, தண்ணீர் மோட்டார், மாடிப் படியில் நடக்கும் கால் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் உருளும். கீழ் ஸ்தாயியில் உங்கள் மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். விசையைப் போட்டே வைக்கலாம். உங்கள் குரலில் ஒரு துளியும் போகாது.

அறையையும் மாற்றியிருக்கிறேன். முன்பு மெத்தையை மைக்குக்குப் பின்னால் சாத்தினோம்; அது தவறு. இந்த வகை மைக்கின் முதுகுக்குக் காது மந்தம். அதன் முகம் உங்களையும், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் பார்க்கிறது. ஆகவே இரண்டு ரஜாய்களை நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னாலும், ஒன்றைப் பக்கத்திலும், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிக் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கைதட்டினால் முன்பு வந்த அந்த உலோகச் சிலிர்ப்பு இப்போது வருவதில்லை. மைக்குக்குக் காற்றுப் புகாத டப்பாவும், ஈரம் ஏறினால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற சிலிக்கா ஜெல்லும் வாங்கி வைத்தாயிற்று. பாடும் நேரம் தவிர அது ஸ்டாண்டில் நிற்காது.

அன்றைய பதிவை யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். நீங்கள் கேட்டால் உங்களுக்கு மட்டும் தருவேன். குரல் கிழியவில்லை, அண்ணி. பொரிச்சலைத் தாண்டிக் கேட்கத் தெரிந்த பிறகு அந்த இரண்டாவது சங்கதியைப் பலமுறை கேட்டுவிட்டேன். அதை முடிக்கவிடாமல் கையை உயர்த்தியதற்கு என்னை மன்னியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை இரவு வர முடியுமா? அண்ணனும் வரட்டும், கூடத்தில் டிவி மட்டும் போடக் கூடாது. வர விருப்பமில்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வந்தால், நீங்கள் பாடுவதற்கு முன் ஒரு நிமிடம் வெற்று அறையைப் பதிவு செய்து, உங்களுக்குப் போட்டுக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் தொடங்குவேன். எம்பிராய்டரி வளையம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. துணிதான் இற்றுப்போய்விட்டது, மெல்லிய நைலான் துப்பட்டா ஒன்று கொண்டுவாருங்கள்.

உங்கள்,
தம்பி