45 நாளுக்குள் பணம் தாருங்கள்: பெங்களூரு ஊடக, விளம்பர, மேடை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, மார்க்கெட்டிங் தலைவர்களே, நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துவோரே,

வணக்கம். உங்கள் மூன்று தரப்புக்கும் வேலை செய்கிறவன் நான். நாளிதழில் தொழில்நுட்பச் செய்தியாளனாக இருந்தேன். அந்தப் பக்கம் நின்றுபோனதும் வெளியிலிருந்து கட்டுரை எழுதத் தொடங்கினேன். ஸ்டார்ட்அப்களுக்கு விளம்பர வாசகம் எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்கிறேன். ஏன் மூன்று வேலை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆட்குறைப்புப் பட்டியல்களில் கையெழுத்திட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

சென்ற வாரம் ஆடிட்டர், என் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைக் காட்டினார். ஒரு நிறுவனம் என் கட்டுரைத் தொகையில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தமாகப் பிடித்து, மார்ச் 31 தேதியிட்டு அரசுக்குக் கட்டியிருக்கிறது. மீதி 90 சதவீதம் இன்றுவரை என் கணக்குக்கு வரவில்லை. ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காக என் பில்லைச் செலவில் ஏற்றிவிட்டார்கள். வரித்துறை ஏட்டில் நான் அந்தப் பணத்தைச் சம்பாதித்தாயிற்று. வீட்டு வாடகைக்கு மட்டும் அது உதவவில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள நண்பர்கள் பாடு இன்னும் மோசம். பில் போட்ட மறுமாதமே 18 சதவீத வரியைக் கைப்பணத்திலிருந்து கட்டிவிட்டு, உங்கள் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தால் பணம் பெறுவோருக்குத் தரும் வெண்டர் கோடு இன்னும் உருவாகவில்லை என்கிறார்கள். அது வந்தபின் பிஓ (கொள்முதல் ஆணை) எண் இல்லை என்று பில்லைத் திருப்புகிறார்கள். பிஓ வாங்கிக் கொடுத்தால், ஒப்புதல் தர வேண்டியவர் வேலையை விட்டே போயிருக்கிறார். கட்டுரை வெளியான அன்றைக்கே அதன் பக்கத்தில் விளம்பரம் விற்றுவிட்டீர்களே, அதற்கு எந்தக் கோடும் தடையாக இல்லையா?

மேடையில் இது இன்னும் வெளிப்படை. ஒயிட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் திணறி வரும் ரசிகர், டிக்கெட் பணத்தை முன்பே கட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார். பேசியவருக்கு மட்டும் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம்.

சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தவருக்கு இந்த ஊரில் அடுத்த வேலையை யார் தருவார்கள்? அந்தப் பயத்தை நம்பித்தான் பில்கள் உங்கள் மேசையில் கிடக்கின்றன.

புதுப் பொருள் அறிமுக விழாவுக்கு நட்சத்திர ஓட்டலில் முன்பணம் கட்டுகிறீர்கள். ஒலி அமைப்பவருக்கு அன்றிரவே கொடுக்கிறீர்கள். அது நியாயம்தான். எழுதுகிறவரும் பேசுகிறவரும் மட்டும் ஏன் எப்போதும் வரிசையின் கடைசியில்? இதில் இலவசமாக எழுதித் தரச் சொல்லி, "உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்" என்பவர்கள் வேறு.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: 45 நாளுக்குள் பணம் தாருங்கள். மார்ச்சில் செலவாக ஏற்றிய பழைய பில்களை இந்த மாதமே தீர்த்துவையுங்கள். இனி பில் கிடைத்ததும், பணம் வரும் தேதியை ஒரு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் கட்டுரையாளன், விளம்பர எழுத்தாளன், மேடைப் பேச்சாளன்