பெயரோடு விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐபிஎல் அணிகள் யார் யாரைத் தக்கவைத்துக்கொண்டன என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பட்டியலை, சியாட்டில் பக்கத்தில் ரென்டனில் உட்கார்ந்து இ-பேப்பரில் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் சரி. விலையை விட்டுவிட்டீர்கள். 2024 அக்டோபரில் சென்னை அணி தோனியைத் தக்கவைத்ததே, அது பாசமா, கணக்கா? பழைய 12 கோடிக்கே வைத்திருந்தால் பாசம் என்று சொல்லிவிடலாம். சர்வதேசப் போட்டி ஆடி ஐந்து வருடம் ஆனவர் என்ற விதியில் 4 கோடிக்கு வைத்தார்கள். அந்த எண் தெரியாமல் வாசகன் என்ன முடிவுக்கு வருவான்?

இவ்வளவு உரிமையோடு கேட்கக் காரணம், இதே தலைவலி எனக்கு வருடாவருடம் மார்ச்சில் வருகிறது. ஆபீஸ் நண்பர்களோடு பதினோரு வருடமாக ஃபேண்டசி பேஸ்பால் ஆடுகிறேன். நிஜ பேஸ்பால் வீரர்களை ஏலத்தில் எடுத்துக் காகிதத்தில் அணி சேர்ப்போம்; அவர்கள் மைதானத்தில் ஆடுவதை வைத்து எங்களுக்குப் புள்ளி. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ஆட்டம் இது. அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரிலிருந்து இதற்கு ரோட்டிசரி என்றும் ஒரு பெயர் உண்டு. ஏலத்தில் ஆளுக்கு 260 டாலர், 23 வீரர்கள். டாலர் வெறும் காகிதக் கணக்குதான், பையிலிருந்து ஒன்றும் போகாது. எங்களில் பன்னிரண்டு பேர். போன வருட அணியிலிருந்து ஐந்து பேரை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 5 டாலர் விலை ஏறும். அப்படி நாங்கள் வைத்துக்கொள்ளும் வீரருக்குத்தான் கீப்பர் என்று பெயர். விக்கெட் கீப்பரை நினைத்துவிடாதீர்கள். ஆனால் எனக்கு வாய்த்த மிகச் சிறந்த கீப்பர், தற்செயலாக, பந்து பிடிக்கிற கேச்சர்தான்.

சியாட்டிலின் பேஸ்பால் அணியான மரைனர்ஸின் கேல் ராலி. 2024 ஏலத்தில் 4 டாலருக்கு எடுத்தேன். அந்த வருடம் 34 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. ஆனால் பேட்டிங் சராசரி .220, அதாவது நூறு முறைக்கு 22 ஹிட்தான் என்பதால் நண்பர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த வருடம் 9 டாலருக்கு வைத்துக்கொண்டேன். 2025இல் 60 ஹோம் ரன்! கேச்சர் ஒருவர் ஒரே சீசனில் அத்தனை அடித்ததே கிடையாது. அதற்கு முன் சால்வடோர் பெரெஸின் 48தான் உச்சம். இப்போது விலை 14. மறுபடி 60 அடிப்பார் என்று நான் நம்பவில்லை. 35 அடித்தாலே எனக்குப் போதும்.

என் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். "லாபம் கொள்முதல்லதான்டா இருக்கு" என்பார். நல்ல தாரை முழு விலைக்கு வாங்குவதில் என்ன சாமர்த்தியம்? ஏலத்திலும் அதேதான். யார் பெரிய ஆட்டக்காரர் என்று பார்த்தால் தப்பு. அவருடைய மதிப்புக்கும் அவர் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும்.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு நுணுக்கம் உண்டு. பன்னிரண்டு பேரிடமும் சேர்த்து 3,120 டாலர். வாங்கப்போகும் மொத்தச் சரக்கின் மதிப்பும் அதுவே என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் அறுபது கீப்பர்களுக்கு நாங்கள் கொடுத்த விலை சுமார் 600. அவர்களுடைய மதிப்போ என் கணக்கில் 1,020. அப்படியென்றால் ஏலத்துக்கு மீதி வந்த பணம் 2,520, மீதி இருந்த சரக்கு 2,100 டாலர் பெறுமானம்தான். சரக்கைவிடப் பணம் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். 30 டாலர் ஆள் 36க்குப் போவார். ஆகவே 30 டாலர் மதிப்புள்ளவரை 30க்கே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு 6 டாலர் லாபம்.

எங்கள் லீக்கில் ஒருவர், மரைனர்ஸ் வீரர் ஹூலியோ ரொட்ரீகஸை 43 டாலருக்கு வைத்துக்கொண்டபோது எல்லோரும் சிரித்தோம். அவர் மகள் எந்நேரமும் ஹூலியோ பெயர் போட்ட ஜெர்ஸியோடுதான் திரிவாள், அதுதான் காரணம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஹூலியோவின் மதிப்பு 35 என்று வைத்தாலும் ஏலத்தில் 42க்குப் போயிருப்பார். நண்பருக்கு நஷ்டம் ஒரே ஒரு டாலர்! அடுத்த நாள் ஆபீஸில் நான் ஒன்றும் பேசவில்லை.

நானும் அடிபட்டிருக்கிறேன். 2023இல் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் என்ற பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், 20 வெற்றி, 281 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கவிடாமல் அவுட்டாக்குவது). அடுத்த வருடம் 27 டாலருக்குச் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன். இரண்டே ஆட்டம், முழங்கையில் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. பந்து வீசுகிறவர்களின் கை இப்படித்தான். அதிலிருந்து பிட்சர் யாராக இருந்தாலும் மதிப்பில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்கிறேன். சரக்கின் மதிப்பே ஒரே வருடத்தில் மாறிப்போவதும் உண்டு. 2023இல் பேஸ்களை, அதாவது ஓடுகிறவர் போய்த் தொட வேண்டிய சதுரங்களை, 15 அங்குலத்திலிருந்து 18 ஆகப் பெரிதாக்கினார்கள், ஓடுகிறவரைப் பிடிக்கப் பிட்சர் பந்தை எறிவதற்கும் கட்டுப்பாடு வந்தது. பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதற்குப் பேஸ் திருட்டு என்று பெயர்; முந்தைய வருடம் 2,486ஆக இருந்த அது 3,503 ஆனது. வேகமாக ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவரை 11 டாலருக்கு வைத்துக்கொண்டு, திருட்டு மலிந்துபோனதால் அந்த வருடம் முழுக்க முழித்தேன்.

இந்த வருடம் நான்கு பேரை முடிவு செய்துவிட்டேன். ஐந்தாவது இடத்துக்கு 27 டாலர் மதிப்புள்ள ஒருவர் 21க்கு இருக்கிறார். 13 டாலர் மதிப்புள்ள இளம் பையன் ஒருவன் 6 டாலருக்கு இருக்கிறான். நேர்க் கழித்தலில் பையன்தான் ஜெயிக்கிறான், 6க்கு 7. ஏலத்தில் விலை ஐந்தில் ஒரு பங்கு கூடுவதைச் சேர்த்தால் 27 டாலர்க்காரரின் லாபம் 11 டாலரைத் தாண்டுகிறது, பையனுடையது 10கூட வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் மஞ்சள் தாளைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து, "வீட்டு லோனுக்குக்கூட நீங்க இவ்வளவு கணக்குப் பார்த்ததில்லை" என்கிறாள் மனைவி. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் பெயரைச் சொல்ல வேண்டும்.

சரி, என் கதை இருக்கட்டும். அடுத்த முறை பட்டியல் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் விலைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால் வீரர்களின் படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ரென்டன், வாஷிங்டன் மாநிலம்